ஊமை மணியும் பேசும் வண்டியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மிடம் வந்தபொழுது, அவர்கள் உள்ளத்தில் இருந்தது கம்பனாகவோ ஆறுமுக நாவலரின் வசனநடையாகவோ இருந்திருத்தல் வேண்டும். தமிழாசிரியர் ஒருவரிடம் வேறு எதனை எதிர்பார்ப்பர்? ஆயினும் கடந்த ஓராண்டாக எம் சிந்தையிற் பெரும்பகுதியைப் பிடித்திருந்தவை, எமது வீட்டு விறாந்தை மூலையிற் கிடக்கும் ஒரு சோடி இரும்பு டம்பெல்களும், அவற்றின் இடத்தில் வந்திருக்கவேண்டி வராது போன வண்டி ஒன்றுமே. இதனைக் கேட்ட சங்கத்து அன்பர் ஒருவர், "அதையே எழுதுங்கோ சேர், எங்கள் எல்லாருக்கும் வண்டி வைச்சிட்டுது" என நகைத்தார். நகைப்புக்குச் சொன்னாரோ உண்மையாகவே சொன்னாரோ அறியோம். யாம் அதனை அனுமதியாகவே கொண்டோம்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எமது குருதிப் பரிசோதனைத் தாளில் எச்.பீ.ஏ.1சீ என்னும் அளவு 7.4 என்றிருந்தது. 6.5 உம் அதற்கு மேலும் நீரிழிவு என்பது வைத்தியர்கள் கொண்டுள்ள நியதி. தாளைப் பார்த்த வைத்தியர் எம்மிடம் தமிழ் படித்தவர். திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதனை அவருக்குக் கற்பித்தவர் யாமே. அவ்வதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதனைப் பற்றியது என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். அதனால் உணவைப் பற்றி அவர் அதிகம் பேசாமை எமக்குச் செய்த மரியாதை என்றே எண்ணுகின்றோம்.

"சேர், குளிசை எழுதுறன். ஆனா அது பாதி வேலைதான். உங்கட தசை சும்மா கிடக்குது. அதுக்கு வேலை குடுங்கோ" என்றார். வேலை செய்து சுருங்கும் தசை, இன்சுலின் என்னும் ஓமோனின் உதவி குன்றிய இடத்தும் குருதியிலுள்ள வெல்லத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் என்பதை ஒரு கடதாசியிற் படம் வரைந்து விளக்கினார். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்திருப்பதையும் கூறினார். "நடைக்கு நல்லூர் வீதி இருக்கு. தசைக்குப் பாரம் வேணும் சேர்."

எந்தையாரும் ஆசிரியரே. ஐம்பத்தெட்டாம் வயதில் நீரிழிவினால் வலக்காலை முழங்காலின் கீழ் இழந்தார். செருப்புக் கடித்த சிறு புண்ணே தொடக்கம். அதன்பின் நான்கு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அந்நான்கு ஆண்டும் எம் வாசற்படியில் அவரது செருப்பு ஒன்றே கிடந்தது. எமது பரிசோதனைத் தாளைக் கண்ட மனைவியார் ஒரு சொல்லும் கூறினாரல்லர். அன்று மாலை எமது செருப்புகளை எடுத்து, அவற்றின் உட்புறத்தைக் கையினால் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சாளரத்தின் வழியே யாம் கண்டோம்.

செய்தி ரொறன்ரோவில் உள்ள எம் தம்பிக்கு எட்டியது. மறுநாளே அழைத்தான். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் ஒரு சைக்கிள் அனுப்புறன். வீட்டுக்குள்ளேயே ஓடலாம். அதுவே எல்லாம் சொல்லித் தரும்" என்றான்.

நிலைத்து நிற்கும் அவ்வண்டியின் முன்புறத்தில் அகன்ற திரை. திரையில் ஓர் ஆசிரியர் தோன்றி மிதிக்கச் சொல்வார். மிதிக்கும் வேகமும், தடையின் அளவும், மார்பிற் கட்டிய பட்டியினின்று பெறும் இதயத்துடிப்பும் திரையோரத்தில் ஓடும். தடையை உண்டாக்குவது காந்தம். சில்லைத் தொடாமலே அதனைப் பற்றி நிறுத்துவது. இவ்வினத்துக் கருவிகள் பல உள. சுவரில் மாட்டிய நிலைக்கண்ணாடி போன்று தோன்றி, அதனுள்ளே பயிற்சியாளர் வந்து நிற்பது ஒன்று. 2018 இல் விற்பனைக்கு வந்த டோனல் என்பது மற்றொன்று. அதில் இரும்புத் தட்டு ஒன்றேனும் இல்லை, மின்காந்த விசையினாலேயே 200 றாத்தல் வரை பாரத்தைத் தோற்றுவிக்கின்றது. இவற்றையெல்லாம் தம்பி படங்களோடு அனுப்பினான். யாம் வியந்தோம் என்பதை மறைத்தற்கில்லை.

அதே வேளையில், வாங்குமுன் ஒருமுறை ஏறிப் பார்த்தல் நன்றென்று தோன்றியது. ஆவணி விடுமுறையில் விடைத்தாள் மதிப்பீட்டுக்காகக் கொழும்பு சென்ற நாம், வெள்ளவத்தையில் மனைவியாரின் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டில் பதினொரு நாள் தங்கினோம். அவ்வீட்டில் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது.

உண்மையைக் கூறின், எமக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. முதல் நாள் இருக்கையை எவ்வளவு உயர்த்துவது என்பதிலிருந்து தொடங்கிற்று. காலை நீட்டும்போது முழங்கால் சற்றே மடங்கியிருத்தல் வேண்டும் என்பதை நாற்பது ஆண்டு சைக்கிள் ஓடிய எமக்கு எவரும் சொன்னதில்லை. இரண்டாம் நாள், மூச்சு வாங்கிய இடத்திலே திரையிலுள்ளவர் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். நான்காம் நாள் முடிவில் எமது பெயருக்குக் கீழே ஒரு பதக்கம் தோன்றியது. நாற்பத்தாறு வயதுடைய ஓர் ஆசிரியர், மாணவர்க்கு நட்சத்திரக் குறி இட்டே கை சலித்தவர், அப்பதக்கத்தைக் கண்டு யாரேனும் பார்க்கின்றனரா எனத் திரும்பிப் பார்த்தார் என்றால் நம்புவீர்களோ அறியோம்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்ற காலத்துக் கல்வி உளவியற் பாடம் அப்பொழுது நினைவுக்கு வந்தது. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர், சரியான செயலை உடனுக்குடன் பாராட்டின் அச்செயல் வலுப்பெறும் என்று காட்டியவர். 1950 களில் கற்பிக்கும் யந்திரம் ஒன்றையும் செய்து பார்த்தவர். அவரது கொள்கையைப் பரீட்சைக்கு எழுதினோமேயன்றி, அது எம்மேலேயே பலிக்கும் எனக் கருதினோமல்லோம். வகுப்பறையில் நாற்பது பேருக்கு ஒருவராய் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் உடனுக்குடன் பாராட்டு வழங்குவது எங்ஙனம்? யந்திரம் அதனைச் சலிப்பின்றிச் செய்கின்றது. இதில் அதனோடு போட்டியிட எம்மால் இயலாது.

எட்டாம் நாள் மாலை வண்டியில் ஏறியபொழுது ஆசிரியரைக் காணோம். வீட்டுக்காரரின் கடன் அட்டை காலாவதியாகி, மாதச் சந்தா செலுத்தப்படாமற் போயிற்றாம். சந்தாவைச் செலுத்துக என்னும் ஒரு வரி மாத்திரம் திரையில் நின்றது. நாம் மிதித்தோம், சில்லு சுழன்றது. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், இதயம் எப்படி அடிக்கின்றது என்பன ஒன்றும் தெரியவில்லை. பதக்கங்களும் அந்த வரிக்குப் பின்னே எங்கோ அடைபட்டிருந்தன. வண்டியின் அறிவு வண்டியில் இருக்கவில்லை என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. அது கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருந்து நாள்தோறும் இரவலாக வந்துகொண்டிருந்தது.

ஊமையாகிய அவ்வண்டியை மிதித்துக்கொண்டிருந்தபொழுதே பழைய நினைவொன்று எழுந்தது. நின்ற இடத்தில் நின்று சைக்கிள் மிதிப்பது எமக்குப் புதிதன்று. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆகவே சைக்கிளை நிறுத்தியில் ஏற்றி, பின் சில்லோடு டைனமோவைப் பொருத்தி, அதனின்று வயரை வானொலிக்கு இழுத்துச் செய்தி கேட்டோம். அக்காலத்தில் இங்கிருந்த பழைய மாணவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. இன்றைய மாணவர்க்காகவே எழுதுகின்றோம். அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று மாத்திரமே தரவல்லது.

எம் வீட்டில் மிதிப்பது யாம், கேட்பது எந்தையார். பன்னிரண்டு வயது எமக்கு. இரவில் பீபீசி தமிழோசை தொடங்கும். கால் தளரின் செய்தியாளரின் குரலும் தளரும்; வேகம் குன்றக் குன்ற அது தேய்ந்து, ஒரு முனகலாகி அடங்கும். "மிதி மோனை, முக்கியமான இடம்" என்பார் எந்தையார். மீண்டும் மிதிப்போம், குரல் எழும். அயலவர் நால்வர் ஐவர் விறாந்தையில் இருந்து காது கொடுப்பர். யாம் இளைத்துவிட்டால் ஒரு போரின் செய்தியே இருளில் நின்றுவிடும். அதனினும் கண்டிப்பான பயிற்சியாளரை வெள்ளவத்தைத் திரையிலும் யாம் கண்டதில்லை. அந்த வண்டி மின்சாரத்தைத் தந்தது. இந்த வண்டி மின்சாரத்தைக் கேட்கின்றது.

நிற்க. பழம் நினைவு ஒன்றைக் கொண்டு புதுப்பொருளைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஆதலின் வீடு திரும்பியபின் தாளும் பேனையும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். வண்டியின் விலையும் கப்பற் கூலியும் வரியும் சேர்ந்து எமது ஒன்பது மாத வேதனத்தைத் தாண்டின. அதனைத் தம்பி பொறுப்பான், சந்தாவை? இவ்வகை வண்டிகளுள் பெயர்பெற்ற பெலற்றன் 2022 இல் அமெரிக்காவில் அறவிட்ட மாதச் சந்தா 44 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என வைப்பின் மாதம் 13,200 ரூபா. அதே 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ஐத் தாண்டியதையும், பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. இதயத்துக்காக வாங்கிய வண்டி மாதந்தோறும் இதயத்தை அடிக்க வைக்குமாயின் அதனால் ஆவதென்ன?

நிறுவனங்களின் ஆயுளும் எண்ணத்தக்கதே. மேற்கூறிய பேசும் கண்ணாடி, மிரர் என்னும் பெயரினது. அதனை லுலுலெமன் என்னும் ஆடை நிறுவனம் 2020 இல் 50 கோடி டொலருக்கு வாங்கி, 2023 இல் விற்பனையையே நிறுத்திவிட்டது. மூன்றாண்டு! எமது வகுப்பிற் சேரும் பிள்ளை சாதாரண தரம் எழுதும் முன்னரே கண்ணாடி வயோதிபமடைந்துவிடுகின்றது. இவற்றோடு எம்மூர்ப் பல்லியையும் சேர்த்துக்கொள்க. மின்சுற்றுப் பலகையின் இளஞ்சூட்டை நாடிப் பல்லியும் எறும்பும் உட்புகுந்து செய்யும் கேட்டை, நீர்ப்பம்பியின் தொடுக்கி எரிந்த வீட்டார் யாவரும் அறிவர். பழுது பார்ப்பவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. கொழும்பிலும் இருப்பாரோ என்பது ஐயம்.

மின்சாரத்தில் ஓடும் நடை யந்திரத்தை வாங்கலாமே என்றார் ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர். 1818 இல் கியூபிற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக் கைதிகளை மிதிக்க வைத்த உருளையின் பெயரே இன்று அவ்யந்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்குகின்றது என்றோம். அத்துடன் பேச்சு முடிந்தது. அது நியாயமான விடையன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

இரும்பின்பால் எம் மனம் சாய்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. 1996 சித்திரைக்குப் பின் மீண்டு வந்து கல்லூரிக்குள் கால்வைத்தபொழுது, மேசை கதிரைகள் இல்லை. உடற்பயிற்சி உபகரண அறைக்குக் கூரை இல்லை. கயிறுகளையும் மெத்தைகளையும் கறையான் தின்றிருந்தது. பற்றைக்குள் கால் இடறிக் குனிந்து பார்த்தால், பழைய டம்பெல் ஒன்று கிடந்தது. துரு ஏறியிருந்தது. எம்மோடு வந்த நண்பன் அதனைத் தூக்கி, "பாரம் அப்படியே இருக்குது" என்றான். அவன் இப்பொழுது இல்லை. அந்த டம்பெல்லின் பாரம் மட்டும் எம் கையில் இன்னும் இருக்கின்றது.

இவ்வாறாக ஐப்பசியில், கழற்றிப் பூட்டத்தக்க தட்டுகளோடு 20 கிலோ எடையுள்ள ஒரு சோடியை ஆஸ்பத்திரி வீதிக் கடையொன்றில் வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தோம். டம்பெல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஊமை மணி என்பதே பொருள். தேவாலய மணியை இழுப்பதுபோல உடலைப் பயிற்றி, ஓசை மாத்திரம் எழாத கருவிக்கு இங்கிலாந்தில் இட்ட பெயராம். தமிழாசிரியருக்குச் சொல்லாராய்ச்சி இனிக்கும். அதனால் அப்பெயரை வீட்டில் எல்லோருக்கும் கூறிப் பெருமிதம் கொண்டோம்.

ஊமையாயிருத்தலின் கேடு இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. முதுகை வளைத்துத் தரையினின்று தூக்கினோம். இடுப்பில் ஏதோ சுரீரென்றது. மூன்று நாள் பள்ளிக்கூடம் செல்லவில்லை. நான்காம் நாள் கரும்பலகையின் மேற்பாதியில் மாத்திரமே எழுதினோம். பாரம் தூக்குவோரைக் கமராவினால் நோக்கிப் பிழை திருத்தும் புதுக் கருவிகளும் உள. அத்தகையது ஒன்று இருந்திருப்பின் முன்னரே எச்சரித்திருத்தல் கூடும். இரும்பு, சரியாகத் தூக்கினும் பிழையாகத் தூக்கினும் ஒன்றும் சொல்லாது. ஆசிரியர் இல்லாமற் கற்றவர்க்கு நேரும் கதி இது என வகுப்பிற் பலமுறை கூறிய நாமே, ஆசிரியர் இல்லாமற் கற்க முற்பட்டோம்!

வெட்கத்தை விட்டு எமது கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரை அணுகினோம். எம்மினும் பதினைந்து வயது இளையவர். சனிக்கிழமை தோறும் வந்தார். முதல் இரு வாரம் இரும்பைத் தொட விடவில்லை. கதிரையில் இருந்து கையூன்றாது எழும்பவும் இருக்கவும் வைத்தார். பின்னர் 2 கிலோ, பின்னர் 4. முதுகின்மேல் ஒரு மிலாற்றை நெடுக வைத்து, அது தலையையும் நடுமுதுகையும் இடுப்பையும் விட்டு விலகாமற் குனியப் பழக்கினார். அந்த மிலாறு செலவில்லாதது, சந்தாவும் கேளாது. அவருக்குக் கைம்மாறாக அவர் மகளுக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்கின்றோம்.

எஞ்சியது ஒன்று. எம்மை நாள்தோறும் எழுப்புவார் யார்? பதக்கம் தருவார் யார்? இதற்கு வழி கண்டவன் தம்பியே. வண்டி வேண்டாமென்று கூறியபொழுது அவன் முகம் வாடியது காணொளியில் தெரிந்தது. சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப, செய்யிறதை ஒரு கொப்பியில எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து அனுப்புங்கோ" என்றான். ஆகவே நாற்பது தாள் அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினோம். அப்பெயர் இத்தனை பொருத்தமாக ஒருபொழுதும் எமக்குத் தோன்றியதில்லை. திகதி, பாரம், எத்தனை தரம் என மூன்று நிரல்கள். ஞாயிறு இரவு படம் போகும்; திங்கள் காலை விடை வரும்.

அவ்வாறு பேசத் தொடங்கிய பின்னரே தம்பியின் நிலையும் எமக்குத் தெரிந்தது. அவன் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. அவன் இரவு வேலை, மனைவி பகல் வேலை. மாரியில் வெளியே உறைபனி. வழுக்கி விழாமல் நடக்க இயலாது. விடியற்காலையில் வேலையால் வந்து வண்டியில் ஏறினால், திரையிலுள்ள ஆசிரியை அவன் பெயரைச் சொல்லி அழைப்பாளாம். "அண்ணை, சில நாளையில என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுற ஒரே ஆள் அவதான்" என்றான். எமக்கு மறுமொழி வரவில்லை. அவனுக்கு அவ்வண்டி தகும். மின்சாரம் அங்கு தடைப்படுவது அரிது. சந்தா அவன் வேதனத்துக்கு மிகையன்று. ஆயினும் எந்தையாரின் கால் அவனுக்கும் தந்தையின் காலே. இப்பொழுது அவனும் தன் திரையைப் படமெடுத்து அனுப்புகின்றான். ஐப்பசி முதல் தை வரை அவ்வண்டியிற் குளிர்ச்சட்டைகள் காய்ந்தன என்பதையும் அவனே ஒப்புக்கொண்டான்.

ஆறு மாதத்தின்பின் எடுத்த பரிசோதனையில் எமது அளவு 6.7. குளிசையின் பங்கு எவ்வளவு, இரும்பின் பங்கு எவ்வளவு, மாலை நேரத்துப் பணிஸ் நிறுத்தியதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய எம்மால் இயலாது. வைத்தியராகிய மாணவர் தாளின் ஓரத்திற் சிவப்புப் பேனையால் ஒரு சரிக் குறி இட்டுத் தந்தார். அத்தாளை மனைவியார் சாமி அறையில் வைத்திருக்கின்றார்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் இன்று திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்குத் தம்பி அழைத்தான். நேற்று அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கின்றான்.

"அண்ணை, பதின்மூண்டாம், பதினாலாம், பதினைஞ்சாம் திகதி மூண்டும் ஒரே பேனை. ஒரே சாய்வு. ஒரேயடியா இருந்து எழுதினதுதானே?"

இருபது ஆண்டுகளாக மாணவரின் வீட்டுவேலைக் கொப்பிகளில் யாம் கண்டுபிடித்து வந்த களவு அது. சிறு வயதில் அவன் கொப்பியிலும் கண்டுபிடித்ததுண்டு. ஆமென்றோம். மழை என்றோம், பரீட்சை வேலை என்றோம்.

"இப்ப நேரம் இருக்குத்தானே? நான் லைனிலதான் நிக்கிறன்" என்றான்.

திறன்பேசியைச் சாளரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மூலையிற் கிடந்த 4 கிலோவை எடுத்தோம். மறுமுனையில் அவன் எண்ணத் தொடங்கினான்.